இரண்டு விரற்கடைச் சாய்வு

நிற்பதுதான் பெரியவளுக்கு வேலை. இருபத்திரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருக்கும் ஆணியின்மேல் பார்வையை நிறுத்தி, கழுத்திலிருந்து முழங்கால்வரை குண்டூசி குத்திய துணியோடு, தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் வந்து சிரிக்கட்டும்.

குண்டூசி குத்துகிறவள் சின்னவள், அவளுடைய கூடப்பிறந்த தங்கை. பத்திரிகை அட்டையில் வந்தவள், ஏழு நகரங்களில் தன் பெயரில் கடை வைத்தவள், நடிகைகள் வரிசையில் காத்திருந்து உடை வாங்கிப்போன ஆடை வடிவமைப்பாளர் அவள்தான். சின்னவள் எந்த உடையையும் காகிதத்தில் தொடங்கமாட்டாள். சாயம் போடாத காடாத் துணியை எடுத்து அக்காவின் மேல் போடுவாள். இழுப்பாள், மடிப்பாள், குத்துவாள், சாக்கட்டியால் கோடு போடுவாள். அதை அவிழ்த்து மேசையில் விரித்தால் அதுதான் அளவு. அதைப் பார்த்து வெட்டும் மாஸ்டர் காகிதத்தில் வெட்டுவார், அந்தக் காகிதத்தை வைத்துத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுவார்கள். ஊரே ஆசைப்பட்டு வாங்கிய அத்தனை உடுப்பும் பெரியவளின் உடம்பில் ஒரு தடவை ஏறி இறங்கியதுதான்.

அவற்றில் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. கேட்டிருந்தால் சின்னவள் கொடுத்திருப்பாள். இவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவளுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. அக்கா தங்கைக்குள் அப்படித்தான் நிறைய விஷயம் விட்டுப்போகும்.

எல்லாம் ஒரு தோளிலிருந்து தொடங்கியது. பெரியவள் பதினேழு வயதில் சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் துணி உருளை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கால் இடறி விழுந்தாள். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு உடைந்தது. மேஸ்திரி ஒரு துணியைக் கிழித்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் மூன்றாம் வகுப்பு. எத்தனை நாள் கட்டிலில் கிடக்க முடியும்? ஒன்பதாவது நாள் வேலைக்குப் போய்விட்டாள். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கோணலாக ஒட்டிக்கொண்டது, வலது தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

சும்மா பார்த்தால் தெரியாது. பை மாட்டினால் தெரியும். எந்தப் பையும் அந்தத் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வரும். கடைச் சட்டை அவளுக்குச் சரிப்படாததால் தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டாள், வலப்பக்கத்தை இறக்கி. சின்னவள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டது அந்தச் சட்டைகளில்தான். மனித உடம்புக்கு ஒரு தோள் இறக்கமாகத்தான் இருக்கும் என்று பத்து வயதுவரை நினைத்திருந்தாளாம்.

சின்னவளை ஆடை வடிவமைப்புப் படிப்பில் சேர்த்தது பெரியவளின் சம்பளம். கூடப் படித்தவர்களெல்லாம் தலையில்லாத தையல் பொம்மை ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள். இவளுக்கு அக்காதான் பொம்மை. கடைசித் தேர்வுக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்தாள். வேலை முடிந்து வந்த அக்காவைச் சமையலறையில் நிற்கவைத்து, மூன்று நாள் குத்திக் குத்தித் தைத்தாள். அக்காவின் மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

தேர்வு நாளில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தது கூடப் படித்த ஒரு உயரமான பெண். அவளுக்குத் தோள் இரண்டும் ஒரே மட்டம். கோட்டின் வலத்தோள் மேலே தள்ளப்பட்டதும், துணியில் இடத்தோளிலிருந்து வல இடுப்புக்குச் சாய்வாக ஒரு மடிப்பு விழுந்தது. கீழ் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சொதப்பிவிட்டோம் என்றே சின்னவள் நினைத்தாள். ஆனால் தேர்வாளர்களில் ஒருத்தி எழுந்து கிட்டே வந்தாள், பெரிய பத்திரிகையில் எழுதுகிறவள். மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தச் சாய்வு எப்படி வந்துச்சு?"

"யோசிச்சுச் செஞ்சதுங்க" என்றாள் சின்னவள். இமைகூட அசையவில்லை.

அதுதான் முதல் பொய். நன்றாகப் பலித்த பொய். சின்னவள் வீட்டுக்கு ஓடி வந்து, செருப்புகூடக் கழற்றாமல் அக்காவைக் கட்டிக்கொண்டு, "உன் கோணத் தோளுக்கு முதல் பரிசுக்கா" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார்கள். பெரியவளுக்கு அன்றிருந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. உடைந்ததற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தத் தோளுக்கு யாரோ கைதட்டியிருக்கிறார்கள். சட்டைத் தொழிற்சாலையை விட்டுவிட்டுத் தங்கைக்கு நிற்க வந்தாள்.

முதலில் டயர் கடைக்கு மேல் ஒரு அறை. கோடையில் ரப்பர் வாடை மேலே ஏறி வரும், தைத்த துணியெல்லாம் அந்த வாடையோடுதான் போகும். பிறகு இரண்டு மாடி. பிறகு கண்ணாடிச் சுவர் வைத்த கடை, அதன்மேல் சின்னவளின் பெயர், ஆள் உயரத்துக்கு எழுத்து. அந்தச் சாய்வு மடிப்பு அவளுடைய கையெழுத்தாகிவிட்டது. கோட்டு, கவுன், சட்டை எல்லாவற்றிலும் இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு அந்த மடிப்பு விழும். அதைப் போட்டுக்கொள்ளும் பெண்கள் ஏதோ ஒன்றை இப்போதுதான் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர்களைப் போலத் தெரிவார்கள் என்று எழுதினார்கள். வேறு பலர் நகலெடுக்கப் பார்த்தார்கள். யாருக்கும் அது வரவில்லை.

பெரியவளுக்கு மட்டும் அதில் என்ன இருக்கிறதென்று விளங்கியதில்லை. அவள் மேல் அந்த உடுப்புகள் நேராக, சாதாரணமாக இருந்தன. மடிப்பு விழுவது மற்றவர்கள் மேல்தான். கண்ணாடியில் ஒரு நாளும் அவள் அதைப் பார்த்ததில்லை. படத்தில் பார்க்கும்போது, என்னமோ இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

பேட்டிகளில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒரு பேட்டியில் சின்னவள் மழை சாய்ந்து பெய்வதைப் பார்த்தபோது தோன்றியது என்றாள். இன்னொன்றில் பாதி திறந்த கதவு. மூன்றாவதில் சின்ன வயதுத் தனிமை. பெரியவளின் கணவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர், கையில் எப்போதும் கிரீஸ் வாடை. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதையெல்லாம் உரக்கப் படிப்பார்.

"இந்த மாசம் உன் தோள்பட்டை மழையாயிடுச்சு. போன மாசம் கதவு. பாத்துக்கோ, அடுத்த மாசம் மலையாக்கிடப் போறா."

"விடுங்க. எங்கக்கா தோள் கோணல்னு அவ பேப்பர்லயா சொல்ல முடியும்?"

"ஏன், சொன்னா என்ன? நான் சொல்வேனே. எங்க லிப்ட்டு மாட்டிக்கிச்சுன்னா மாட்டிக்கிச்சுன்னுதான் சொல்றோம்."

வருத்தமில்லை என்றால் அது பொய். வருத்தம்தான். ஆனால் மறுநாள் காலையில் அளவெடுக்கும் பலகைமேல் ஏறி நின்று, தங்கை வாயில் ஐந்தாறு குண்டூசியைக் கவ்விக்கொண்டு கண்ணைச் சுருக்கித் துணியைத் தடவும்போது, வருத்தம் எங்கேயோ போய்விடும். சின்னவளுக்கு அந்த நேரத்தில் பத்து வயதுதான் என்று தோன்றும்.

இருபதாவது வருஷம் தோள் வலிக்க ஆரம்பித்தது. முதலில் பாத்திரம் எடுக்கும்போது. பிறகு தலை வாரும்போது. பிறகு சும்மா படுத்திருக்கும்போதே. எலும்பு மருத்துவர் ஒரு அம்மாள், பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு கோணலா ஒட்டினதால உள்ள தசைநாரு உரசி உரசி நைஞ்சு போச்சும்மா. பாதி அறுந்துடுச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணினா கை தலைக்கு மேல போகும். ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டீங்கன்னா நெஞ்சு வரைக்கும்தான் வரும். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்ல."

"எலும்ப என்ன பண்ணுவீங்க?"

"ஒடச்சு நேராக்கித் தகடு வெப்போம். ரெண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். முப்பது வருஷக் கோணல் போயிடும், சந்தோஷப்படுங்க."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவள் கவலையோடு வீடு திரும்பினாள்.

சின்னவளிடம் சொன்னபோது அவள் வாயில் குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். அவசரமே படவில்லை.

"எப்பக்கா?"

"இந்த மாசமே வரச் சொல்றாங்க."

அப்போது கம்பெனிக்காரர் வந்துவிட்டிருந்தார். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர். கடைகளைப் பெருக்க முதல் போட்டவர், பதிலுக்குச் சின்னவளின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டவர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புது வரிசை வந்தாக வேண்டும். அதைத்தான் சீசன் என்பார்கள். சின்னவளுக்கு அந்தச் சீசனைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

"இந்த சீசன் மட்டும் முடியட்டுமேக்கா. முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

சும்மா சொல்லவில்லை, அவளும் முயற்சி செய்தாள். அக்காவின் உடம்புக்கு அச்செடுத்து, அதே கோணல் தோளோடு ஒரு பொம்மை செய்யவைத்தாள். அதன்மேல் குத்திய முதல் கவுன் பிணத்துக்குப் போர்த்தியது போல் இருந்தது. பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் அதை முதுகைக் காட்டிச் சுவரோரம் திருப்பி வைத்தாள்.

"இது நிக்குதுக்கா. நீ நிக்கறதில்ல, ஓஞ்சு நிக்கறே. அந்த ஓய்ச்சல் இதுக்கு வரல."

அந்த ஓய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்த சீசன் முடிந்தது. அடுத்ததற்கும் "இந்த சீசன் மட்டும்" என்றாள். மூன்றாவதற்கு அவள் கேட்கவே இல்லை, பெரியவளே போய்ப் பலகைமேல் நின்றாள். லிப்ட்காரருக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். அன்று மிகவும் தணிந்திருந்தது.

"அவ சீசன் ஒரு நாளும் முடியாது. உன் கைதான் முடியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவளுக்கு என்ன விட்டா யாரு இருக்கா?"

"உனக்கு அந்தக் கைய விட்டா வேற கை இருக்கா?"

மறுநாளும் அவள் போய்ப் பலகைமேல் நின்றாள்.

நான்காவது சீசனில்தான் அது நடந்தது. மாஸ்டருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தடவை நின்று எடுத்த அளவாக இருக்க வேண்டும். இன்றைய முன்பக்கத்தோடு வேறு ஒரு நாளின் முதுகைச் சேர்க்கக் கூடாது, உடம்பு நாளுக்கு நாள் மாறும் என்பார். அறுபதைத் தாண்டியவர், கொஞ்சமாகப் பேசுவார், கத்தரியை யாரிடமும் கொடுக்கமாட்டார். அவர் பேச்சை எல்லாரும் கேட்பார்கள், சின்னவள்கூட.

அன்று முன்பக்கம் குத்தி முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. பெரியவளின் வலது கை தானாக நடுங்கிற்று. ஆணியைப் பார்த்தால் இரண்டு ஆணியாகத் தெரிந்தது. கீழே கம்பெனிக்காரர் அனுப்பிய ஆள் காகித வெட்டுக்காகக் காத்திருந்தான், இதோடு மூன்று தடவை மேலே எட்டிப் பார்த்துவிட்டான். சின்னவள் முன்பக்கத்தை அவிழ்த்துவிட்டு முதுகுக்குத் துணி எடுத்தாள்.

"போன தடவை முதுகையே வெச்சுக்கயேன்" என்றாள் பெரியவள். "முதுகு எங்கடி மாறப்போகுது?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "ஒரு வாட்டி அளந்துட்டா நல்லதும்மா."

சின்னவள் வாசலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியாததா மாஸ்டர்? போன முதுகே போதும்."

அக்காவுக்குத் தெரியும். அதுதான் விஷயமே. இரண்டு மாதம் முன்னால்தான் தன் சட்டையின் வலப்பக்கத்தைப் பிரித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கித் தைத்திருந்தாள். தோள் மறுபடி இறங்கிவிட்டது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு உட்கார வேண்டும். வேறெதுவும் வேண்டாம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் உடம்பைப் பற்றி ஒரு பொய் சொன்னாள், பலகையிலிருந்து இறங்கினாள், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முன்பக்கத் தோள் புது அளவு, முதுகுத் தோள் பழைய அளவு. தொழிற்சாலையில் இரண்டையும் வைத்துத் தைக்கும்போது அரை அங்குலம் இடித்தது. இஸ்திரி போடுகிறவர்கள் ஆவி அடித்து, இழுத்துப் பிடித்து, சேர்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சேராததைச் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. கண்காட்சி மேடையில் எல்லாம் அழகாக இருந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். கோட்டுகள் ஏழு நகரத்துக்கும் போயின.

ஒரு சலவை. அவ்வளவுதான். இழுத்துப் பிடித்த துணி தன் இடத்துக்குத் திரும்பியது. காலர் காதை நோக்கி ஏறியது, பொத்தான் வரிசை தொப்புளைவிட்டு நகர்ந்து விலாவுக்குப் போனது. வாங்கியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒரு பத்திரிகையில் கேலிச்சித்திரமே போட்டார்கள், கோட்டுக்குள் தலை எந்தப் பக்கம் என்று தேடும் ஒரு பெண்மணி. தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஆட்கள்தான். ஆறாயிரம் கோட்டு அட்டைப்பெட்டிகளில் திரும்பி வந்து நடைவழியை அடைத்துக்கொண்டன, ஆள் நடக்கப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது.

யார் செய்த தப்பு என்று கம்பெனிக்காரர் கேட்டார். சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டர் கத்தரியைச் செய்தித்தாளில் சுற்றினார், சாக்கட்டி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பெரியவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து போய்விட்டார். அந்தத் தலையசைப்பைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. நேராகக் கம்பெனிக்காரரின் அறைக்குப் போனாள்.

"மாஸ்டர் மேல தப்பில்லீங்க. முதுகு அளக்க வேணாம்னு சொன்னது நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருஷமாக அவளைத் தாண்டிப் போய் வந்திருக்கிறார். "நீங்க... டீ குடுக்கறவங்கதானே?"

"இல்லீங்க. அளவு நான்தான்."

"என்ன அளவு?"

தோளைக் காட்டலாம் என்று கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. அவர் பொறுமையாகச் சிரித்து, கதவுவரை வந்து அனுப்பிவைத்தார். மரியாதையான மனிதர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருஷத்துக்குள் சின்னவளையும் அதே மரியாதையோடு அனுப்பிவிட்டார். பெயர் கடைவாசலிலேயே இருந்தது. அது கம்பெனியின் சொத்து. சின்னவள் இனிமேல் வேறு எங்கு தைத்தாலும் தன் பெயரைப் போடக் கூடாது. அவளுடைய மேசை, துணிகள், கத்தரிகள், சுவரோரம் முதுகைக் காட்டி நின்ற அந்தப் பொம்மை, எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் எடுப்பதில்லை. திரைச்சீலை விலகுவதில்லை.

"இந்த சீசன் மட்டும்" என்று சொல்ல ஆளில்லாமல் போன அந்த வாரமே பெரியவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். எலும்பை உடைத்து நேராக்கித் தகடு வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மருத்துவரம்மாள் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"எலும்பு அழகா நின்னுடுச்சு. தசைநாருதான் சுருங்கிப் போயிருந்துச்சும்மா, இழுத்துத் தைக்க எதுவும் மிச்சமில்ல. கை நெஞ்சு வரைக்கும் வரும். நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள் பெரியவள்.

கொடியில் துணி போட முடியாது. மேல் அலமாரி எட்டாது. தலை வார முடியாது. லிப்ட்காரர் சீப்பை எடுத்துக்கொண்டார். முதல் மாதம் பின்னல் ஒரு பக்கமாகவே போயிற்று. "லிப்ட்டு கம்பிய முறுக்கற மாதிரிதான், ஆனா கம்பி அழாது" என்பார். தலைவழியாகப் போடும் உடுப்பெல்லாம் மூட்டை கட்டிவைத்தாயிற்று. அவருடைய பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு இருந்தாள். சின்னவள் ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதுமில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் மணி அடித்தது. சின்னவள் வாசலில் நின்றாள். சாயம் போடாத தலை, பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"உள்ள வா" என்றாள் பெரியவள். வேறென்ன சொல்வது?

சின்னவள் பையிலிருந்து சாம்பல் நிறப் பருத்தித் துணியை எடுத்தாள், குண்டூசி டப்பாவை எடுத்தாள், செய்தித்தாளில் சுற்றிய கத்தரியை எடுத்தாள்.

"மாஸ்டரோடதா?"

"ம். போய்ப் பாத்தேன். சின்னதா கடை போட்டிருக்கார். என்கிட்ட கத்தரிகூட இல்லன்னு சொன்னேன். குடுத்தார்."

"மன்னிப்பு கேட்டியா?"

"கேட்டேன். பதில் சொல்லல. கத்தரியத்தான் குடுத்தார்." துணியைப் பிரித்துக்கொண்டே, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உனக்கு ஒண்ணு தைக்கலாம்னு வந்தேன். முன்னால திறக்கற மாதிரி கோட்டு. தலைவழியா போட முடியலன்னு மாமா சொன்னார், அவர் போனை மட்டும் ஒரு தடவை எடுத்தேன்."

பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அவள் நின்றாள். எதிர்ச்சுவரில் ஒரு நாட்காட்டி ஆணி இருந்தது, பார்வை தானாக அதில் போய் நின்றது. சின்னவள் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு துணியைப் போட்டாள். அவள் கை யோசிக்கவில்லை. கை எப்போது யோசித்தது? கழுத்தில் தொடங்கி, இடத்தோளைக் குத்தி, வலத்தோளில் துணியை இரண்டு விரற்கடை இறக்கிக் குத்தி, மார்பில் சேர்த்து, இடுப்பில் பிடித்து, ஒரே மூச்சில் முன்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தாள். பார்த்தவள் அசையவில்லை.

"என்னடி?"

சின்னவள் கண்ணாடியைக் காட்டினாள். பெரியவள் திரும்பினாள்.

நேரான தோளின்மேல் கோணல் தோளுக்குக் குத்திய துணி. இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு அந்த மடிப்பு விழுந்திருந்தது. கீழ் விளிம்பு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. கண்ணாடியில் இருந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, ஏதோ ஒன்றை இப்போதுதான் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவளாகத் தெரிந்தாள். அழகாக இருந்தது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. லிப்ட்காரர்கூடச் செய்தித்தாளை மடியில் இறக்கியிருந்தார்.

"இதுதானா அது?" என்றாள் பெரியவள்.

"இதுதான்கா."

"இத்தன வருஷத்துல நான் பாத்ததே இல்ல."

மடிப்பு தொடங்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வலது கையைத் தூக்கினாள். கை நெஞ்சுவரை வந்து நின்றது. விரல்கள் அங்கேயே கொஞ்சம் துழாவின. தோள் அதற்கு மேல் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

சின்னவள் அதை முதல் தடவையாகப் பார்த்தாள். கேள்விப்பட்டிருந்தாள், பார்த்ததில்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

சின்னவளின் முகம் கோணியது. கிட்டே வந்து, வலத்தோளில் இருந்த குண்டூசியைப் பிடுங்கப் போனாள். "தப்பாக் குத்திட்டேன்கா. பழைய ஞாபகம். உன் தோள் இப்ப நேரு. அவுத்துட்டு இப்ப இருக்கற மாதிரி குத்தறேன். நேரா, உனக்குச் சரியா..."

"வேணாம். இருக்கட்டும்."

"இது உன் அளவு இல்லக்கா."

"என் அளவுதான். இதுக்குத்தானேடி கையக் குடுத்தேன்? ஒண்ணாவது நான் போட்டுக்கறேன்."

சின்னவள் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். விளிம்பு மடிப்பதற்கு உட்காருவது மாதிரிதான் உட்கார்ந்தாள், ஆனால் விளிம்பைத் தொடவில்லை, அக்காவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியவள் குனியவில்லை. குனிந்தால் ஊசி குத்தும். இடது கையைக் கீழே நீட்டி அந்த நரைத்த தலையின்மேல் வைத்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கோபத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள அவளிடம் தெம்பில்லை. லிப்ட்காரர் எழுந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் வைத்தார்.

"உக்காந்துக்கோக்கா" என்றாள் சின்னவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "முதுகு நாளைக்கு எடுத்துக்கலாம்."

"வேணாம். முதுகையும் இப்பவே எடுத்துடு" என்றாள் பெரியவள். "இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது."

சின்னவள் எழுந்தாள். மிச்சமிருந்த துணியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனாள். பெரியவள் திரும்பி நின்று, சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தாள்.